ஏழு பருவ முத்து, ஒரு வாழ்நாள் சங்கு

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகும் இரவு ரயிலுக்கும் அதே பெயர்தான். என் தாத்தா இந்த ஊர்த் திரேஸ்புரத்துக் குளியாளி, அதாவது கடலில் மூழ்கிச் சங்கும் முத்தும் எடுப்பவர், என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி முத்தைப் பற்றியதாகவே இருக்கும். முத்து எடுத்திருக்கிறாரா, எவ்வளவு பெரியது, வீட்டில் ஒன்றிரண்டாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். எடுத்திருக்கிறார். 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில் அவர் குளித்தார். அதற்கு முன்னும் பின்னும், மீசை அரும்பாத வயதிலிருந்து ஐம்பதைத் தாண்டும் வரை, அவர் குளித்ததெல்லாம் சங்குக்குத்தான். எங்கள் வீட்டில் உலை கொதித்தது சங்கினால். அப்பாவும் அத்தைமாரும் பள்ளிக்கூடம் போனது சங்கினால். இருந்தும் அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த ஏழு பருவங்கள் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. எனக்கு இது பல காலமாக ஆறாத வருத்தம். மீதி வாழ்க்கையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலில் 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளும் அடுத்தடுத்து முத்துச் சலாபம், அதாவது அரசாங்கம் அறிவித்து நடத்தும் முத்துக்குளிப்பு, நடந்தது. அதன் பிறகு 1955 வரை எதுவும் இல்லை. 27 ஆண்டுகள். முத்துச்சிப்பி கடலடிப் பாறைத்திட்டுகளில் ஒட்டி வளர்வது. அந்தத் திட்டுகளைப் பார் என்பார்கள். ஓர் ஆண்டு பார் முழுவதும் குஞ்சுச் சிப்பி மூடிக் கிடக்கும். மறு ஆண்டு போய்ப் பார்த்தால் வெறும் பாறைதான் இருக்கும். நீரோட்டம் மாறியிருக்கும், மணல் வந்து மூடியிருக்கும், திருக்கைகள் கூட்டமாக வந்து மேய்ந்திருக்கும். சிப்பி பிழைத்து முற்றியிருக்கிறது என்று ஆய்வு செய்து உறுதிப்படுத்திய பிறகே அரசாங்கம் சலாபம் அறிவிக்கும். அப்படி அறிவிக்கும்படியான நிலைமை கால் நூற்றாண்டுக்கு மேல் வரவில்லை.

தாத்தாவின் அப்பா 1920-களின் கடைசியில் முத்துக் குளித்தவர். தாத்தா பிறந்ததே அந்தச் சலாபங்கள் ஓய்ந்த பிறகு. 27 ஆண்டு என்பது ஒரு குளியாளி தொழிலுக்கு வந்து, உடம்பு தேய்ந்து, கரையேறி உட்காரும் காலம். மூச்சை எப்படிக் கட்டுவது, எந்தக் கலங்கலில் இறங்கலாம், எந்த நீரோட்டத்தில் இறங்கவே கூடாது, கயிற்றை எப்போது அசைப்பது என்பதெல்லாம் ஏட்டில் எழுதி வைத்துப் பிறகு படித்துக்கொள்ளக் கூடியவை அல்ல. ஒரு தலைமுறை விட்டுப்போனால் போனதுதான். முத்தை மட்டுமே நம்பியிருந்தால் 1955-இல் அரசாங்கம் சலாபம் அறிவித்தபோது இறங்குவதற்கு ஆளே இருந்திருக்க மாட்டார்கள். ஆள் இருந்ததற்குக் காரணம் சங்கு. இடைப்பட்ட ஆண்டுகளிலும் சங்குக்குக் கடலில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தகப்பன் மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் அந்த வித்தையைக் கை மாற்றினார்கள். முத்துநகர் என்ற பெயரை உயிரோடு வைத்திருந்தது சங்குகுளிக்காரர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முத்தின் வரலாறு எல்லோரும் எழுதிவிட்டது. கொற்கைப் பாண்டியர்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயலுக்கு வந்து முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, பிறகு போர்ச்சுக்கீசியர், 1658-இல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று வரிசையாகப் படிக்கலாம். கொடி மாறியதே தவிர, முத்தில் கைவைக்காத ஆட்சி இல்லை. ஆனால் சங்கப் பாடலொன்றில் சுறாவை விலக்கிக் கடலில் மூழ்கும் பரதவர் தேடிப் போவது வலம்புரிச் சங்கை. அவர்கள் கரையேறும்போது சங்குகள் முழங்க, கொற்கையே ஆரவாரத்தோடு எதிர்கொள்கிறது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றி 1914-இல் தனி நூலே எழுதினார். கொற்கை மண்ணில் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகள் கிடைத்ததையும், பழங்காலத்தில் இங்கேயே வளையல் அறுத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

பிற்காலத்தில் அறுக்கும் தொழில் இங்கே இல்லாமல் போய், எடுக்கும் தொழில் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போனது. அங்கே இந்துப் பெண்களுக்குக் கல்யாணத்தில் வெள்ளைச் சங்கு வளையல் போடுவது கட்டாய வழக்கம். டாக்காவில் சாங்காரி பஜார் என்ற தெருவே சங்கறுப்பவர்களுக்கானது. மாதா கோயில் மணியோசையில் வளர்ந்த கத்தோலிக்கப் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும் மூழ்கி எடுத்த சங்கு, கண்ணால் பார்த்திராத ஓர் ஊரின் மணப்பெண்களுடைய கையில் மங்கலப் பொருளாக ஏறியது. தாத்தாவுக்கு இது தெரியும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிறைவு இருக்கும். ஆச்சியின் கையில் கிடந்ததோ கண்ணாடி வளையல்.

தாத்தா முதன்முதலில் தொழிலுக்குப் போனது அவருடைய தாய்மாமன் வள்ளத்தில். விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே, கரைக்காற்று வீசும்போது பாய் விரித்துவிடுவார்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் சங்கு கிடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உச்சிப்பொழுதைத் தாண்டிக் கடல்காற்று எழுந்ததும் அதே பாயில் கரைக்குத் திரும்புவார்கள். இடைப்பட்ட நேரம் முழுவதும் இறங்குவதும் ஏறுவதும்தான். வாடை ஓய்ந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் மாதங்களிலிருந்து கோடையின் கடைசி வரை பருவம். ஞாயிற்றுக்கிழமை தொழில் கிடையாது. குளிக்கப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். கரைக்கு வந்த பிறகுதான் சோறு. ஆச்சி சோற்றுப் பானையை இறக்குவதும் பாய்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

இளவயதில் அவர் கல்லில் இறங்கியவர். கயிற்றில் கட்டிய பெரிய கல்லில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லின் கனத்தில் அடிக்குப் போய்ச் சேர வேண்டும். அடி தொட்டதும் காலை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் கல்லை இழுத்துக்கொள்வார்கள். இடுப்பில் இன்னொரு கயிறு, கழுத்தில் வலைப்பை. ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. எட்டுப் பாகம், பத்துப் பாகம் அவருக்குச் சாதாரணம். அடியில் நிற்கும் நேரம் ஒரு நிமிடம், சில சமயம் அதற்குச் சற்றுக் கூடுதல். இடுப்புக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இழுக்கிறவர் அந்த நேரத்தில் வேறு பேச்சுப் பேசக் கூடாது, வேறு பக்கம் பார்க்கக் கூடாது.

கயிறு பிடிப்பது மச்சான். எங்கள் கடற்கரையில் இதை எல்லோரும் சொல்வார்கள். கணவன் மேலே வராவிட்டால் தாலி அறுவது தன் கூடப் பிறந்தவளுக்கு என்பதால் மனைவியின் சகோதரன்தான் கயிற்றைக் கண்ணாகப் பிடிப்பான் என்பது அதன் நியாயம். சுற்றுலாப் புத்தகங்கள் வரை ஏறிவிட்ட செய்தி இது. படிப்பவர்கள் ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அது தினமும் நடந்தது. தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் ஆச்சியின் மூத்த அண்ணன். சாயங்காலம் வள்ளம் கரை தட்டியதும் ஆச்சி முதலில் பார்ப்பது கணவனுடைய முகத்தை அல்லவாம். அண்ணனுடைய உள்ளங்கையைத்தான் பார்ப்பாராம். கயிறு வேகமாக ஓடி உரசிய தடம் புதிதாக இருந்தால், அன்றைக்குக் கீழே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டு ஆண்களும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆச்சியும் கேட்க மாட்டார். அன்றிரவு அண்ணனுக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு.

சுறாவைப் பற்றி நான் சின்ன வயதில் விடாமல் கேட்டிருக்கிறேன். அவர் சுறாவைவிடச் சொறிமீனைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். சொறி பட்ட இடம் தீப்பட்டது போல எரியும், அந்த எரிச்சலோடு அடுத்த முங்கு போட வேண்டும்.

சங்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர் விளக்கியதை இங்கே எழுதியே ஆக வேண்டும். படங்களில் பார்ப்பது போலக் கடலடியில் சங்கு வெள்ளை வெளேரென்று கிடக்காது. உயிருள்ள சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். பாதி உடம்பு மணலுக்குள் புதைந்திருக்கும். முத்துச்சிப்பிக்குப் பார் வேண்டும், சங்குக்கு மணல் வேண்டும். மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள்தான் அதன் இரை. அவற்றைத் தேடி நகரும்போது மணலில் ஒரு தடம் விழும். தாத்தா தேடியது சங்கை அல்ல, அந்தத் தடத்தை. "ஏலே, தடத்துக்குத் தலை எது, வால் எது என்று தெரியாதவன் எதிர்த்திசையில் போய் மூச்சை வீணாக்குவான்" என்பார். விளிம்பு கூராக இருக்கும் பக்கம் புதிது. இடிந்து மழுங்கிய பக்கம் பழையது. திண்ணையில் உட்கார்ந்து சாம்பலைப் பரப்பி, விரலால் கோடு இழுத்து எனக்கு அதைக் காட்டியிருக்கிறார். விரலை எடுத்த சில நொடிகளில் சாம்பல் சரிவதைப் பார்க்கச் சொல்வார். அந்த ஒரு நிமிடத்துக்குள் கண் எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

சங்குப்பூ என்று ஒன்று உண்டு. சங்கின் முட்டைக்கூடு அது. அறை அறையாக அடுக்கி, முறுக்கிய கொம்பு போல மணலில் நட்டு வைத்தபடி நிற்கும். அது நின்றால் தாய்ச்சங்கு அருகில் இருக்கும் என்பது எல்லாக் குளியாளிக்கும் தெரியும். தாத்தா அங்கே கை வைப்பதில்லை. எடுத்தால் காசு, விட்டால் நட்டம், ஆனாலும் விட்டுவிடுவார். அவரோடு குளித்த முதியவர் ஒருவர் இதைச் சொல்லித்தான் எனக்கே தெரியும். தாத்தா சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் சங்கு அரசாங்கத்தின் உடைமை. எடுத்ததையெல்லாம் கிட்டங்கியில், அதாவது அரசாங்கக் கிடங்கில், ஒப்படைக்க வேண்டும். அங்கே குறித்த அளவில் வட்ட ஓட்டை போட்ட தகடு இருக்கும். சங்கு அதற்குள் நுழைந்துவிட்டால் அளவு போதாது, உயிரோடு கடலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. பூச்சி அரித்த சங்கு கழிவுக் கணக்கில் போகும். மீதிக்கு எண்ணிக்கைப்படி காசு. வந்த காசில் வள்ளக்காரருக்குப் பங்கு, கயிறு பிடித்தவருக்குப் பங்கு. அதற்கும் முன்னால் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தம். கச்சான் காற்றடித்துக் கடலில் இறங்க முடியாத மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய பணம் அது. பருவம் முழுக்கக் குளித்து அதை அடைப்பார்கள். பருவம் முடிந்ததும் மறுபடி வாங்குவார்கள். தாத்தா தொழில் செய்த காலம் முழுவதும் அந்தக் கடன் ஒரு நாளும் முழுதாகத் தீர்ந்ததில்லை என்று பெரியப்பா சொல்கிறார். இன்று பழைய குளியாளிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வீரத்தை எழுதுகிறார்கள். முன்பணத்தை எழுதுவதில்லை. பத்துப் பாகம் ஆழத்தில் காய்ச்சலோடு இறங்குவதற்கு வீரம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். தாத்தாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதும் இல்லை.

1955-இல் சலாபம் வந்தபோது ஊரே திருவிழாக் கோலம் பூண்டதாக ஆச்சி சொல்வார். வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்கினார்கள். தெருவில் புதுப் புதுக் கடைகள் முளைத்தன. கடன் கொடுக்காத கடைக்காரர்கள்கூடக் குளியாளி வீட்டுக்குக் கேட்டதைக் கொடுத்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருந்த முறை. அந்த ஒரு பங்கிலும் வள்ளத்துக்கும் கயிற்றுக்கும் போக மீதிதான் குளித்தவனுடையது. அரசாங்கப் பங்கு எண்ணி ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவர்கள் சிப்பியைக் குவித்து அழுக விட்டு, சதை கரைந்த பிறகு கழுவிக் கழுவி அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றமும் ஈயும் பல நாள் ஊரை விட்டுப் போகவில்லை என்றும், சோற்றில் ஈ விழாமல் சாப்பிட முடியவில்லை என்றும் ஆச்சி சொல்வார். முத்தைப் பற்றி ஆச்சியிடம் எப்போது கேட்டாலும் முதலில் வருவது அந்த நாற்றம்தான்.

தாத்தாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். "நான் முத்து எடுத்ததே இல்லை, சிப்பிதான் எடுத்தேன்" என்பார். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை. கடலுக்கு அடியில் குளியாளி செய்வது பாரிலிருந்து சிப்பியைப் பிய்த்து வலைப்பையில் நிரப்புவது. எந்தச் சிப்பிக்குள் முத்து இருக்கிறது, எத்தனையில் ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தங்கள் பங்குச் சிப்பியையும் பலர் திறக்காமலே கரையில் விற்றார்கள். காசு அன்றைக்கே வேண்டியிருந்தது. அதிர்ஷ்டம் இருந்தால் அது வாங்கியவனுக்கு. சங்கு அப்படியல்ல. மணலைத் தள்ளிக் கையில் எடுத்ததும் அதன் கனம், அதன் வயது, அரித்திருக்கிறதா இல்லையா என்பது குளித்தவனுக்குத்தான் முதலில் தெரியும். தன்னை அவர் கடைசி வரை சங்குகுளிக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். அதற்கான காரணத்தில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

அவருக்குக் காது கேட்காது. என் நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் உடம்பின் மேல் விழும் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. கல்லைக் கட்டிக்கொண்டு சில நொடிகளில் அந்த ஆழத்துக்குப் போகும்போது நடுக்காதில் காற்றைச் சமன்படுத்தத் தெரியாத பையனுக்குச் செவிப்பறை கிழியும். மூக்கிலும் காதிலும் இரத்தம் வரும். அதைக் காது உடைவது என்பார்கள். உடைந்து சீழ் பிடித்து ஆறிய பிறகு வலி குறையும், ஆழம் எளிதாகும். காது உடையாதவனைக் குளியாளியாகவே மதிக்க மாட்டார்கள். தாத்தாவுக்கு முதல் பருவத்திலேயே உடைந்துவிட்டது. நல்லெண்ணெயைக் காய்ச்சி விட்டதுதான் மருத்துவம். அதன் பிறகு ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிற்று.

அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவோம். மருமகளாக வந்த என் அம்மா, முதல் மாதம் வீட்டில் தினமும் சண்டை நடக்கிறது என்று நினைத்திருந்தாராம். தாத்தாவைக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட வேண்டும். எதிரில் உட்கார்ந்து வாயசைவு தெரியும்படி பேச வேண்டும். பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அது தானாகவே வந்துவிட்டது. பனிமய மாதா திருவிழாவில் தங்கத் தேர் வரும் நாளில் அவரை அழைத்துப் போயிருக்கிறேன். வேட்டும் வாத்தியமும் கூட்டத்தின் கூச்சலுமாகக் காது அடைக்கும். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு, தேர் அசைவதை மட்டும் பார்த்தபடி நிற்பார்.

1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவே இல்லை. பார்களில் சிப்பி நிற்கவில்லை. அதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போனது. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுகளில் விலாங்குச்சல்லி இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. வான் தீவு தேய்ந்து, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்குள் எவ்வளவோ போய்விட்டது. சந்தையும் மாறியிருந்தது. ஜப்பானியர் வளர்ப்பு முத்தை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் சிப்பியிலேயே முத்து வளர்க்க முடியும் என்று 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டினார்கள்.

தாத்தா சங்குக்கே திரும்பினார். திரும்பினார் என்பதுகூடச் சரியல்ல, அதை அவர் விட்டதே இல்லை. கல் போய், நீருக்கடியில் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடி வந்தது. பிறகு காலில் கட்டிக்கொள்ளும் தகடு வந்தது. அலுமினியத் தகட்டைக் காலைவிடப் பெரிதாக வெட்டி, பாதம் நுழைய சைக்கிள் டியூப்பில் வார் வைத்து, மீனின் துடுப்பு போலப் பயன்படுத்துவது. அவருடைய ஜோடி இன்னும் பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. இடது தகட்டின் ஓரம் பாரில் பட்டு மடங்கியிருக்கிறது. மடங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய அடிகள் வரிசையாகத் தெரிகின்றன. பருவமில்லாத நாளில், அறுந்து விழுந்த நங்கூரத்தை எடுத்துத் தரச் சொல்லித் தோணிக்காரர்கள் வந்து கூப்பிடுவார்கள். 1974-இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமான பிறகும் சில காலம் அப்படிப் போய்வந்தார்.

வயதான பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் மீன்பிடி என்று எழுதினார். தாத்தா படிக்கத் தெரிந்தவர். விரலை வைத்து, இது தப்பு என்றார். எழுத்தர் ஏதோ சொன்னார், தாத்தாவுக்குக் கேட்கவில்லை. இப்படி எழுதினால்தான் பணம் வரும் என்று நான் எதிரே வந்து நின்று வாயசைத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நான் வலை போட்டவன் இல்லையே ராசா" என்றார். குரல் உயர்த்தாமல் சொன்னார். காது கேளாதவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. விண்ணப்பம் மீன்பிடி என்றே போனது, பணமும் வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கரையில் நடக்கும் ஒரு தொழிலுக்கு ஒரு காகிதத்தில் இடமில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

திரேஸ்புரத்தில் சங்குகுளிப்பு இன்னும் நடக்கிறது. என் உறவில் ஒரு பையன் போகிறான். இப்போது மூச்சடக்குவது குறைந்துவிட்டது. வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து, நீளக் குழாயில் காற்று அனுப்பி, வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். தாத்தா கல்லில் போன ஆழத்தைவிட அதிகம் போகிறார்கள், நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். அழுத்தத்தில் இரத்தத்தில் கரையும் காற்று, வேகமாக மேலே ஏறும்போது குமிழியாகிறது. மூட்டில் தங்கினால் முடக்கும், தண்டுவடத்திலோ மூளையிலோ தங்கினால் ஆளையே எடுத்துவிடும். இயந்திரம் பாதியில் நின்றுபோய் இறந்தவர்களும் உண்டு. சட்டம் இதை அனுமதிப்பதில்லை என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. வேறு வழியில்லாமல் இறங்குகிறவனுக்கு முறையான பயிற்சி வேண்டும். அந்தக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறையுள்ள மருத்துவமனை ஊரிலேயே வேண்டும். முன்பணத்துக்கு மாற்றாகக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். இதையெல்லாம் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது. முத்தின் பெயரால் இவ்வளவு பெருமை அடைந்த ஊர் இவர்களுக்கு இந்த அளவாவது கடமைப்பட்டிருக்கிறது.

பையனிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். கைப்பேசியில் ஜிபிஎஸ் புள்ளிகளாகத்தான் இடங்களை அவன் வைத்திருக்கிறான். தாத்தா காலத்தில் மாதா கோயில் கோபுரத்தையும், மில் புகைபோக்கியையும், முயல் தீவையும், தேரிப் பனைகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துப் பார்த்து இடம் பிடித்தார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் இருந்தது. தொலாயிரம் பார் போன்ற சில பெயர்கள் மீன்துறை அறிக்கைகளில் இருக்கின்றன. அதற்குள் அடங்காத சின்னச் சின்னத் திட்டுகளும் மணல்வெளிகளும் பல உண்டு. அவற்றுக்குக் குளியாளிகள் வைத்த பெயர்கள் அவர்கள் வாயில் மட்டுமே இருக்கின்றன. தாத்தாவிடம் நான் கேட்டு எழுதியவை கொஞ்சம். அவரோடு குளித்தவர்களில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் சிலரே. எல்லோருக்கும் காது மந்தம். ஞாயிறு பூசை முடிந்ததும் பையனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் பெயரையும் அடையாளத்தையும் சொல்கிறார்கள். அவன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, அது தன் புள்ளிகளில் எது என்று பார்க்கிறான். போன வாரம் ஒரு பெரியவர் சொன்ன மணல்வெளி அவனுடைய வரைபடத்தில் வெற்றிடமாக இருந்தது. தண்ணீர் தெளிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறான்.